உணவில் நெகிழி இரசாயனம்: ஆய்வகம் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சார்டின் டின்னின் உட்புறத்தில் ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். டின் துருப்பிடிக்காமல் காப்பது அதுதான். அந்தப் பூச்சில் பிஸ்பெனோல் ஏ (பிபிஏ) என்ற இரசாயனம் இருக்கக்கூடும். நெகிழியை வளைந்து கொடுக்க வைப்பவை தாலேட் வகை இரசாயனங்கள். இவை உணவில் இறங்கினாலும் நிறம் மாறாது, வாடையும் வராது.

இதைச் சோதிக்க இரு வழிகள் உண்டு. உணவையே கரைத்து ஆராய்வது ஒன்று. உணவுக்குப் பதிலாக ஒரு திரவத்தைப் பொட்டலத்தில் ஊற்றி வைத்து, அதில் என்ன இறங்கியிருக்கிறது என்று பார்ப்பது மற்றொன்று. புளிப்பு உணவுக்கு 3 விழுக்காடு அசெட்டிக் அமிலம், எண்ணெய்ப் பண்டத்துக்குத் தாவர எண்ணெய். நெடுநாள் அலமாரியில் இருக்கும் பொருள் என்றால் 60 பாகை செல்சியசில் 10 நாள் வைப்பது ஐரோப்பிய முறை. தாலேட்டுகள் கொழுப்பில் எளிதில் கரையும்; சூடு கூடினால் வேகமாக இறங்கும். கொதிக்கும் கறியை நெகிழியில் கட்டி வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆய்வகத்துக்கும் ஒரு தலைவலி உண்டு. கையுறை, குழாய், மூடி என்று அங்கேயும் எங்கும் நெகிழிதான். அதனால் கண்ணாடிப் பாத்திரங்களையே பயன்படுத்துவார்கள். உணவே சேர்க்காமல் ஒரு வெற்றுச் சோதனையும் செய்து ஒப்பிடுவார்கள்.

2011-இல் தைவானில் நடந்ததைப் பாருங்கள். சத்துத் தூள் ஒன்றில் தடைசெய்யப்பட்ட மருந்து இருக்கிறதா என்று சோதித்த அரசு ஆய்வகப் பணியாளர், கருவி காட்டிய வரைபடத்தில் சம்பந்தமில்லாத ஒரு முகட்டைக் கண்டார். விடாமல் துருவியபோது அது டிஇஎச்பி என்ற தாலேட் என்று தெரிந்தது. பானங்களைக் கலங்கலாகக் காட்டும் சேர்மத்தில், செம்பனை எண்ணெய்க்குப் பதிலாக விலை குறைந்த அந்த இரசாயனத்தைக் கலந்திருந்தார்கள். வழக்கமான சோதனைப் பட்டியலில் அது இல்லாததால் யாரும் தேடவில்லை.

ஆகவே ‘ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது’ என்ற வாசகம் மட்டும் போதாது. எதற்காகச் சோதித்தார்கள் என்பதே கேள்வி. ‘பிபிஏ இல்லை’ என்ற பொருளிலும் அதன் உறவுக்கார இரசாயனமான பிபிஎஸ் இருக்கலாம்.

மலேசியாவில் பிபிஏ கலந்த குழந்தைப் பால் புட்டிகளுக்கு 2012 மார்ச் 1 முதல் தடை உள்ளது. வாங்கிய உணவில் சந்தேகம் எழுந்தால் பொட்டலத்தை வீசிவிடாதீர்கள். இரசீது, தொகுதி எண், மீதமுள்ள உணவு ஆகியவற்றோடு மாவட்ட சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். மீதியை வேறு நெகிழிப் பையில் மாற்றாமல், அதே பொட்டலத்தில் கொண்டு போவது நல்லது.