அத்தோ: ஒரு வாய் சாப்பிட முப்பது வருஷம்

போன மாசம் தம்பி மகன் நியூஜெர்சியிலிருந்து பேசினான். வேலைக்குப் போய் ஏழு மாதம் ஆகிறது. "பெரியப்பா, முதல் தடவையா கியூபா ஓட்டலுக்குப் போனேன்" என்று ஆரம்பித்தான். அவன் இருக்கிற யூனியன் சிட்டி பக்கம் கியூபாக்காரர்கள் நிறைய. ஹட்சன் ஆற்றங்கரை ஹவானா என்றே அந்த ஊருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு.

கறுப்பு பீன்ஸையும் அரிசியையும் சேர்த்து வேகவைத்த சோறு சாப்பிட்டானாம். அதற்குப் பெயர் 'மூர்களும் கிறித்தவர்களும்'. ஸ்பெயின் நாட்டுப் பழைய சண்டை தட்டில் கறுப்பும் வெள்ளையுமாக வந்து உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் வாழைக்காய்த் துண்டு. ஒருமுறை பொரித்து, எடுத்துத் தட்டையாக நசுக்கி, மறுபடி எண்ணெயில் போடுகிறார்கள். "நம்ம வாழைக்காய்தான் பெரியப்பா, நம்மாளுங்களுக்கு நசுக்கணும்னு தோணல, அவ்வளவுதான்" என்றான். எல்லாம் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டான். "மெனுவுல பாதி சீனச் சாப்பாடு. கியூபா ஓட்டல்ல ஃப்ரைடு ரைஸ் எதுக்கு?"

எனக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் தேடினேன். கிடைத்த பதில், கொரட்டூர் ஸ்டேஷன் பக்கம் நான் தினமும் தாண்டிப் போகிற ஒரு தள்ளுவண்டியில் கொண்டுவந்து நிறுத்தியது.

முதலில் கியூபா கதை. 1847-லிருந்து 1874 வரை கரும்புத் தோட்ட வேலைக்கென்று 1,20,000-க்கும் மேற்பட்ட சீனர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கியூபாவுக்குக் கப்பலேற்றினார்கள். நம்மவர்கள் மொரீஷியஸுக்கும் நேட்டாலுக்கும் போன அதே காலம், அதே கரும்பு. ஒப்பந்தம் முடிந்து பிழைத்தவர்களும், பிறகு தாமாக வந்தவர்களும் ஹவானாவில் மளிகை, சலவை, சாப்பாட்டுக்கடை என்று தங்கிவிட்டார்கள். 1959-ல் புரட்சி. பெரிய முதலாளிகள் உடனே மியாமிக்குக் கிளம்பிவிட்டார்கள். சின்னக் கடைக்காரர்களுக்கும் முறை வந்தது. 1968 மார்ச்சில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு கடைகளை, ரோட்டோரப் பலகாரக்கடைகள் உட்பட, அரசாங்கம் எடுத்துக்கொண்டது. வெளியேறிய சீனர்கள் சிலர் நியூயார்க் வந்து கடை போட்டார்கள். 1968-ல் மன்ஹாட்டனில் திறந்து 2020 வரை நடந்த லா காரிதாத் 78 அப்படி ஒரு கடைதான். ஒரே சமையலறையில் ஃப்ரைடு ரைஸும் கறுப்பு பீன்ஸும்.

இதைப் படித்தபோது, எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. வேலைக்காகக் கடல் தாண்டிப் போனவர்கள், தலைமுறைகள் அங்கேயே இருந்தவர்கள், கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்டதும் கிளம்பியவர்கள், போன இடத்தில் தங்களை அனுப்பிவிட்ட நாட்டுச் சாப்பாட்டை விற்றுப் பிழைத்தவர்கள். ஹவானா என்று இருக்கும் இடத்தில் ரங்கூன் என்று போட்டால் இது நம்ம கதை.

கொரட்டூர் ரயில்வே ஸ்டேஷனுக்கு வெளியே, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்த வண்டி வரும். போர்டில் 'பர்மா அத்தோ' என்று சிவப்பு எழுத்து. பாரிமுனையில் வேலை பார்த்த காலத்தில் இதே மாதிரி வண்டிகளை முப்பது வருஷம் பார்த்திருக்கிறேன். ஒரு வாய் சாப்பிட்டதில்லை. காரணத்தை இப்போது சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆரஞ்சு நிறத்தில் நூடுல்ஸ், அதைக் கையால் பிசைவது, இதெல்லாம் சாக்கு. உண்மையான காரணம் எங்கப்பா. 'பர்மாக்காரன்' என்று அவர் சொன்னால் அதில் ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டிருக்கும். பர்மா பஜாரில் வாங்கிய டேப்ரெக்கார்டரை வீட்டுக்குக் கொண்டு வந்தபோது, "கடத்தல் சாமான் விக்கிறவன்கிட்ட உனக்கென்ன வேலை" என்றார். அந்தச் சொல் நாக்கையும் சேர்த்துக் கட்டிப்போட்டுவிட்டது.

ரங்கூன் ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு கணக்கு போதும். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த நகரத்தில் சுமார் நாலு லட்சம் பேர். பாதிக்கு மேல் இந்தியர்கள். 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம்தான், அதனால் ரங்கூனுக்குப் போவது வெளிநாடு போவதே இல்லை. மேஸ்திரி முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்துக் கப்பலேற்றுவார். துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள், அரிசி ஆலையில் நின்றார்கள், தெரு கூட்டினார்கள், ரிக்‌ஷா இழுத்தார்கள்.

இன்னொரு கூட்டம் கையில் பணத்தோடு போனது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். ஐராவதிக் கழிமுகம் நெல் வயலாக மாறியதில் அவர்கள் கொடுத்த கடனுக்குப் பெரிய பங்கு உண்டு. 1930 வாக்கில் உலகச் சந்தையில் அரிசி விலை விழுந்தது. கடன் வாங்கிய பர்மிய விவசாயியால் கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1937-ல் 25 சதவீதம் ஆகிவிட்டது. ஏழே வருஷம். அவர்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டு இதைச் செய்யவில்லை, பணமாகத்தான் கேட்டார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் நிலத்தை இழந்தவன் கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்காது. 1930-லும் 1938-லும் ரங்கூனில் கலவரம் நடந்தபோது அடி வாங்கியவர்களில் பெரும்பாலோர் கூலிகளும் தெருக்கடைக்காரர்களும். வட்டிக்கடை வைத்திருந்தவர்களுக்குக் கதவும் பூட்டும் இருந்தன.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் ரங்கூன்மேல் குண்டு போட்டது. அதற்கடுத்த மாதங்களில் லட்சக்கணக்கானவர்கள் காட்டு வழியாக நடந்தே இந்தியா வந்தார்கள். எழுத்தாளர் வெ. சாமிநாத சர்மா அப்படி நடந்து வந்தவர், அந்தப் பயணத்தை எழுதியும் வைத்தார். 'பராசக்தி' படத்தின் குடும்பம் ரங்கூனில் இருந்ததும் இந்தப் பின்னணியில்தான். பலருக்கு பர்மா கதை இத்தோடு முடிந்துவிடுகிறது. எனக்கும் அப்படித்தான் நினைப்பு. ஆனால் சண்டை முடிந்ததும் நிறைய பேர் திரும்பப் போனார்கள். அவர்களுக்கு வீடு என்று இருந்தது அங்கேதான்.

1962 மார்ச் 2-ல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963-ல் வங்கிகள் நாட்டுடைமை. 1964 மார்ச்சில் கடைகள். அதே வருஷம் மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. நம்ம ஊரில் ஒரு நவம்பர் ராத்திரி அப்படி அறிவிப்பு வந்தபோது என்ன பாடுபட்டோம்? இவர்களுக்குக் கடையும் போய், பெட்டியில் இருந்த நோட்டும் போய், இனிமேல் இது உன் நாடு இல்லை என்ற சேதியும் சேர்ந்து வந்தது. கொண்டுபோக அனுமதித்த பணமும் நகையும் ரொம்பச் சொற்பம். தமிழ்நாட்டுக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். வியாசர்பாடியில், காரைக்குடியில், இன்னும் பல ஊர்களில் குடியிருப்புகள் உண்டாயின. 1969-ல் சென்னைக் கடற்கரை ஸ்டேஷனை ஒட்டிப் பெட்டிக்கடைகள் கிடைத்தன. அதுதான் பர்மா பஜார். இங்கே ஒட்டாமல், நடந்தாவது பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று மணிப்பூர் வரைக்கும் போனவர்களும் உண்டு. எல்லையில் தடுத்துவிட்டார்கள். அவர்கள் தங்கிய மோரே ஊரில் இன்றைக்கும் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காள பரமேசுவரி கோயில் இருக்கிறது.

இவ்வளவும் படித்துவிட்டு ஒரு புதன்கிழமை வண்டி முன்னால் போய் நின்றேன்.

வண்டிக்கார அக்காவுக்கு ஐம்பத்தஞ்சு வயசு இருக்கும். பெரிய கிண்ணத்தில் ஒரு பிடி நூடுல்ஸ், பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம். அதன்மேல் பொரித்த வெங்காயம், பொரித்த பூண்டு, மிளகாய்த்தூள், உப்பு, புளித்தண்ணி, பூண்டு வாசம் ஏறின எண்ணெய். மொறுமொறு என்றிருந்த பெரிய தட்டை ஒன்றை நொறுக்கிப் போட்டார். அதுதான் பேஜோ. கையுறை போட்ட கையால் ஒரே பிசை. பக்கத்தில் டம்ளரில் வாழைத்தண்டு சூப்.

முதல் வாய்க்குப் புளிப்பு. உடனே பின்னால் பூண்டு. ஆறின நூடுல்ஸ் என்று மனசு தயங்கியபோது பேஜோ கடிபட்டது. அதற்கப்புறம் மனசு தயங்கவில்லை. புளியோதரைக்கும் பேல்பூரிக்கும் நடுவில் ஏதோ ஒன்று என்று சொன்னால் இரண்டு கட்சிக்காரர்களும் சண்டைக்கு வருவார்கள், ஆனால் எனக்கு அப்படித்தான் இருந்தது.

பெயரைப் பற்றி ஒரு விஷயம். பர்மிய மொழியில் 'அதௌக்' என்றால் பிசைந்தது, கலந்தது. கடைசியில் வரும் ஒலி தொண்டையிலேயே நின்றுவிடும், வெளியே கேட்காது. அதனால் 'அத்தோ'. 'பே' என்றால் பயறு, 'ஜோ' என்றால் பொரித்தது. புத்தகத்தில் பார்த்து எடுத்த சொற்களாக இருந்தால் அந்தக் கடைசி மெய்யும் எழுத்தில் வந்திருக்கும். இவை காதால் கேட்டு, நாக்கால் கொண்டுவரப்பட்டவை. செட்டிநாட்டுக் கவுணி அரிசியும் இப்படித்தான் வந்தது என்கிறார்கள், பசையுள்ள அரிசிக்குப் பர்மியப் பெயர் 'கௌ ஹ்ஞின்'. அது பணத்தோடு வந்ததால் கல்யாணப் பந்தியில் இனிப்பாக இடம் பிடித்தது. அத்தோவுக்குப் பிளாட்பாரம்.

"இது அப்படியே பர்மா டேஸ்ட்டா?" என்று கேட்டேன்.

"எங்க சார்! அங்க மீன் சாறு ஊத்துவாங்களாம், காஞ்ச இறால் பொடி போடுவாங்களாம். இங்க போட்டா ஒருத்தர் நிக்க மாட்டாங்க. எங்கம்மா எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. அவங்களுக்கு இதைச் செய்யவே தெரியாது முதல்ல."

"தெரியாதா?"

"ரங்கூன்ல எங்கம்மா இட்லி கடை சார். ஹார்பர் பக்கம். அத்தோ எல்லாம் பக்கத்துல பர்மாக்காரம்மா போடறத வாங்கிச் சாப்பிடறதுதான். கப்பல்ல இங்க வந்து இட்லி போட்டாங்க. மெட்ராஸ்ல யார் வாங்குவா, தெருவுக்குப் பத்து இட்லி கடை. அப்புறம்தான் யோசிச்சு யோசிச்சு இதை ஆரம்பிச்சாங்க. அங்க இட்லிக்காரி, இங்க அத்தோக்காரி."

இரண்டு ஊரிலும் வேற்றூர்ப் பலகாரம் விற்றவர். எனக்கு உடனே என்ன சொல்வதென்று தெரியாமல் இன்னொரு டம்ளர் சூப் கேட்டேன். ஊற்றிக்கொடுத்துவிட்டு, "நீங்க இதே ஊரா சார், அப்பா என்ன பண்ணினாரு?" என்றார். "சைக்கிள் கம்பெனி" என்றேன்.

அந்தப் பதிலைச் சொன்னபிறகுதான் உறைத்தது. அப்பா 1961-ல் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸில் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தவர். எங்கள் வீட்டுச் சோறு அந்தச் சம்பளம். அந்தக் கம்பெனியை 1949-ல் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து ஆரம்பித்தது முருகப்பா குழுமம். அந்தக் குழுமத்தின் தொடக்கம் எங்கே என்றால், 1900-ல் பர்மாவின் மௌல்மீன் நகரில் ஏ.எம். முருகப்ப செட்டியார் நடத்திய வட்டித் தொழில். 1930-களில், ஜப்பான் வருவதற்கு முன்பே, தொழிலை இந்தியாவுக்கு மாற்றிக்கொண்டார்கள். அது முன்யோசனை. எல்லாச் செட்டியார்களுக்கும் அது வாய்க்கவில்லை. 1948, 1953 நிலச் சட்டங்களில் மொத்தத்தையும் விட்டுவிட்டு வந்தவர்கள் ஏராளம்.

ஆக, அம்பத்தூருக்கும் கொரட்டூருக்கும் பர்மாவிலிருந்து இரண்டு வரவு. ஒன்று முன்கூட்டியே வந்து தொழிற்சாலை ஆனது, இன்னொன்று கடைசியில் வந்து தள்ளுவண்டி ஆனது. முதல் வரவின் சம்பளத்தில் சாப்பிட்டுக்கொண்டு, இரண்டாவது வரவின் கடையில் சாப்பிடக் கூடாது என்று ஒரு வீடு நாற்பது வருஷம் இருந்திருக்கிறது. அப்பாவைக் குற்றம் சொல்லவில்லை. அவருக்கு மௌல்மீன் விஷயம் தெரியாது. எனக்கு மட்டும் என்ன, போன வாரம்தானே தெரிந்தது.

ஒரு அத்தோ பார்சல் கட்டச் சொன்னேன். சூப்பைத் தனிக் கவரில் ஊற்றிக் கொடுத்தார். தம்பி மகனுக்குப் படம் எடுத்து அனுப்பி, 'நம்ம ஊர் கியூபா ஓட்டல்' என்று போட்டேன். அவனுக்குப் புரிய இந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டியிருக்கும்.

அப்பாவுக்கு எண்பத்து நாலு ஆகிறது. பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். எங்கே வாங்கினேன் என்று சொன்னேன். நூடுல்ஸைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம். சூப்பை டம்ளரில் ஊற்றிக் கொடுத்ததும் முகர்ந்து பார்த்தார். ஒரு வாய், அப்புறம் இன்னொரு வாய்.

"இதுல என்னடா பர்மா? வாழைத்தண்டுச் சாறு" என்று சொல்லிவிட்டு, கவரில் மிச்சம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.