கீழாநெல்லியும் மறுநாள் தலைவலியும்

ஒரத்தநாட்டுப் பக்கம் வயல் வரப்பில் நடந்தால் கீழாநெல்லியை மிதிக்காமல் போவது கஷ்டம். மஞ்சள்காமாலைக்கு அரைத்து மோரில் கொடுப்பார்கள் என்பது தெரிந்த கதை. அதே செடி இப்போது ஹேங்ஓவருக்கும், அதாவது குடித்த மறுநாள் வரும் தலைவலி, குமட்டலுக்கும் மாத்திரையாகி இருக்கிறது. உண்மையிலேயே கேட்குமா?

மருந்தைச் சோதித்துப் பார்ப்பது தஞ்சாவூருக்குப் புதிதல்ல. ஒரத்தநாட்டில் 1802-ல் முக்தாம்பாள் சத்திரத்தைக் கட்டிய இரண்டாம் சரபோஜி மன்னர், தஞ்சையில் தன்வந்திரி மகால் நடத்தினார். சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில வைத்தியம் எல்லாம் ஒரே இடத்தில்! நோயாளிக்கு என்ன மருந்து கொடுத்தார்கள், என்ன ஆனது என்று எழுதியும் வைத்தார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். ஆனால் மருந்தே கொடுக்காவிட்டாலும் அவர் குணமாகியிருப்பாரா என்பது அந்தக் குறிப்பில் தெரியாது.

ஹேங்ஓவரில் சிக்கலே இதுதான். ஒன்றும் சாப்பிடாவிட்டாலும் ஒரு நாளில் அது தானாகப் போய்விடும். நீராகாரம் குடித்தவருக்கும் சரியாகும், எலுமிச்சம்பழத்தைத் தலையில் தேய்த்தவருக்கும் சரியாகும் (இரண்டு பேரும் அவரவர் வைத்தியத்தின் மேல் சத்தியம் செய்வார்கள்). அதனால்தான் பாதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடுகிறார்கள்.

கீழாநெல்லியை இப்படிச் சோதித்தவர்களில் முக்கியமானவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவினர். நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் உடன் இருந்தார். ஹெபடைடிஸ் பி கிருமி உடம்பில் தங்கிவிட்டவர்களுக்கு 30 நாள் மருந்து. 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்தது; போலி மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். 1988-ல் 'லான்செட்' இதழில் வந்து உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் 1990-ல் வெளியான தாய்லாந்து ஆய்வில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

ஹேங்ஓவருக்கான கீழாநெல்லி ஆய்வு 2019-ல் வந்தது. பத்து நாள் மருந்து, அறிகுறிகள் குறைந்தன என்று முடிவு. கலந்துகொண்டவர்கள் மொத்தமே 15 பேர்! 60 பேரை வைத்துச் செய்ததே இன்னொரு நாட்டில் நிற்கவில்லை என்றால், இதை எப்படி நம்புவது? மற்ற மருந்துகளின் நிலையும் இதேதான். லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2021 கடைசியில் 21 ஆய்வுகளை அலசினார்கள். எல்லாம் சேர்த்து 386 பேர்தான். ஒரே மருந்தை இரண்டு ஆய்வுகள் சோதித்ததாக ஒன்றுகூட இல்லை. 8 ஆய்வுகளில் பெண்களே கிடையாது. ஆதாரம் மிகவும் தரம் குறைந்தது என்று சொல்லிவிட்டார்கள்.

தலைவலியோடு முடிந்தால் பரவாயில்லை. கீழாநெல்லி என்றாலே கல்லீரலுக்குக் காவல் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. மாத்திரை இருக்கிறதே என்ற தைரியத்தில் இன்னொரு குவார்ட்டர் உள்ளே போகும். வருஷக்கணக்கில் குடித்துக் கெடுகிற கல்லீரலுக்கு என்ன ஆகும் என்பதைப் பத்து நாள் ஆய்வு சொல்லவே முடியாது.