டவுனும் பாளையும்

தாமிரபரணிக்கு மேற்கே நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி வளர்ந்த திருநெல்வேலி டவுன். கிழக்கே கல்லூரிகளும் தேவாலயங்களும் நிறைந்த பாளையங்கோட்டை. 1843-இல் சுலோச்சன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டிய பாலம் இரண்டையும் இணைத்தது. 1994-இல் இரண்டும் ஒரே மாநகராட்சிக்குள் வந்தன. ஆனாலும் பாளைக்காரர்களுக்கு டவுன் இன்னும் அக்கரைதான்.

டவுனின் ரத வீதி நெரிசலை நினைத்துச் சலித்துக்கொள்வார்கள். ஆனித் தேரோட்டம் என்றால் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். சாயங்காலம் திறக்கும் இருட்டுக்கடையில் அல்வாவுக்கு வரிசையிலும் நிற்பார்கள். டவுன்காரர்களோ படிப்புக்கும் ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கும் பாளையையே நம்புகிறார்கள். இந்தப் பரஸ்பரத் தேவைதான் உறவைக் கெடாமல் வைத்திருக்கிறது.

இரண்டு கரைக்கும் வெளியே இருக்கும் சங்கரன்கோவில்காரர்களுக்கு இந்தக் கரைக் கணக்கு பெரிதல்ல; இரண்டும் சேர்ந்ததே அவர்களுக்குத் திருநெல்வேலி. 2019-இல் தென்காசி மாவட்டம் பிரிந்து அவர்கள் ஊர் அதில் சேரும்வரை, மனுவோடு பஸ் ஏறியவர்கள் பாலம் தாண்டி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்வரை போக வேண்டியிருந்தது.