தாய்க்குப் பூட்டிய கதவு

குந்தியின் கதையை நாம் கேட்டிருக்கிறோம். மணமாகுமுன் ஈன்ற மகவைப் பேழையில் வைத்து ஆற்றில் விட்டாள். ஊர்ப்பழிக்கு அஞ்சி வாய் மூடினாள். கர்ணன் களத்தில் வீழ்ந்த பிறகே, 'மகனே' என்று ஊரறியக் கதறினாள். புராணக் கற்பனை என்று அதைத் தள்ளிவிடலாம். ஆனால் இருபதாம் நூற்றாண்டில், ஐரோப்பாவில், ஆயிரமாயிரம் தாய்மாரைக் குந்திகளாக்கினார்களே, அதை எப்படித் தள்ளுவது?

அந்நாடு அயர்லாந்து. ஆங்கில ஆதிக்கத்தை எதிர்த்துப் போராடி 1922இல் தன்னாட்சி பெற்ற நாடு. கொடி மாறிற்று, கோட்டை மாறிற்று. மணமாகாமல் கருவுற்ற பெண்ணின் நிலை மட்டும் மாறவில்லை. அவளைக் குடும்பம் கைவிட்டது. கருவுறச் செய்த ஆண்மகனோ கவலையின்றி ஊரில் உலவினான். அவளுக்கென இருந்தவை 'தாய்-சேய் இல்லங்கள்'. பெயரில் தாய் உண்டு, சேய் உண்டு. நடப்பில் இருவரையும் பிரிப்பதே அங்கு வழக்கமாயிற்று.

பிலோமினா லீ 1933இல் லிமரிக் மாவட்டத்தில் பிறந்தவர். ஆறு வயதில் தாயை இழந்து, கன்னியர் மடத்துப் பள்ளியில் வளர்ந்தார். குழந்தை எவ்வாறு உருவாகிறது என்பதைக்கூட எவரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. பதினெட்டு வயதில் கருவுற்றதும், ராஸ்க்ரே ஊரிலிருந்த கன்னியர் இல்லத்தில் சேர்க்கப்பட்டார். 1952 ஜூலையில் ஆண் மகவு பிறந்தது. அந்தோணி என்று பெயரிட்டார். மூன்றாண்டுகளுக்கு மேல் சலவைச் சாலையில் உழைத்துக்கொண்டே மகனைக் கண்டு மகிழ்ந்தார். பிள்ளைமீது எந்த உரிமையும் கோருவதில்லை என்ற தாளில் அவரிடம் கையொப்பம் வாங்கினர். 1955 டிசம்பரில் குழந்தை அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது.

இது சட்டத்துக்கு மாறாக நடந்ததன்று. அதுதான் கொடுமை! 1952இல் இயற்றிய தத்தெடுப்புச் சட்டமே, ஓராண்டு நிரம்பிய, மணமாகாத தாயின் பிள்ளையைக் கடல் கடந்து அனுப்ப இடம் வைத்தது. 1940களின் இறுதியிலிருந்து 1970களின் தொடக்கம்வரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஐரிஷ் குழந்தைகள் அமெரிக்கா சென்றனர். வளர்ப்போர் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்பதில் திருச்சபை கண்டிப்பாக இருந்தது. பெற்றவளின் கண்ணீரைக் குறித்து அத்தகைய கண்டிப்பு ஏதும் இல்லை.

ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் பிலோமினா இதை வெளியில் சொல்லவில்லை. பாவம் என்று போதித்தவர்கள் அவர் நாவுக்கும் பூட்டுப் போட்டிருந்தனர். ஆனால் தேடலை விடவில்லை. இல்லத்துக்குச் சென்று கேட்டார். விடை இல்லை. அங்கே மகனும் வந்தான்! மைக்கேல் ஹெஸ் என்ற பெயரில் வளர்ந்து, சட்டம் பயின்று, அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் தேசியக் குழுவுக்குத் தலைமைச் சட்ட ஆலோசகராக உயர்ந்த அவன், தாயைத் தேடி அதே வாயிலில் நின்றான். அவனுக்கும் விடை இல்லை. தேடியவர் இருவர், இருவரையும் அறிந்த இடம் ஒன்று, அந்த இடம் வாய் திறக்கவில்லை.

1995இல் எய்ட்ஸ் நோயால் மைக்கேல் இறந்தார். தாம் பிறந்த அந்த இல்லத்தின் மண்ணிலேயே புதைக்கப்பட வேண்டுமென விரும்பினார். என்றேனும் தாய் வந்து காண்பாள் என்பது அவர் நம்பிக்கை. தாய் வந்தார், கண்டது கல்லறையை.

2015இல் அயர்லாந்து அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. 2021 ஜனவரியில் அறிக்கை வெளிவந்தது. 18 இல்லங்கள், 1922 முதல் 1998 வரை ஏறத்தாழ 56,000 தாய்மார், 57,000 குழந்தைகள், இறந்த குழந்தைகள் 9,000 அளவில். பிரதமர் மைக்கேல் மார்ட்டின் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். தத்துக் கொடுக்கப்பட்டோர் தம் பிறப்புச் சான்றையும் பிறப்புச் செய்திகளையும் பெறும் உரிமையைச் சட்டம் முழுமையாக வழங்கியது 2022இல்தான்! மைக்கேல் மறைந்து 27 ஆண்டுகளுக்குப் பின்.

மடத்தை மட்டும் கூண்டிலேற்றிவிட்டு நாம் அமைதி கொள்ள முடியாது. மகளை வாயிலுக்கு வெளியே தள்ளிய தந்தை யார்? காசு கொடுத்து இல்லங்களை நடத்திய அரசு எது? மணமாகாத தாய்க்கு உதவித்தொகை அங்கு வந்தது 1973இல். முறைகேடாகப் பிறந்தவர் என்ற சட்ட இழிவு நீங்கியது 1987இல். அதுவரை, பிள்ளையைத் தானே வளர்ப்பேன் என்று சொல்ல எத்தனை ஏழைப் பெண்களால் முடிந்திருக்கும்? சோற்றுக்கு வழியில்லாதவளிடம் வாங்கிய கையொப்பத்தை இசைவு என்பதா?

பெண்ணுக்கு மட்டும் கற்பு, ஆணுக்கு விலக்கு என்னும் நீதி எங்கு ஆள்கிறதோ, அங்கெல்லாம் இத்தகைய இல்லம் ஒன்று ஏதேனும் ஒரு பெயரில் எழும். தோழர்களே, நம் தெருவில் ஒரு பெண் இந்நிலையில் நின்றால் நாம் கதவைத் திறப்போமா, சாத்துவோமா? நம் பகுத்தறிவு மேடைப் பேச்சா, வாழ்க்கை நெறியா என்பதை அந்தக் கதவே சொல்லிவிடும்.