பழைய விளையாட்டும் புதிய இயங்குதளமும்

ஓலைச் சுவடியொன்று செல்லரித்து அழியுமுன் வேறோர் ஏட்டில் படியெடுத்துவிட்டால் நூல் பிழைத்துவிடும். கணினி விளையாட்டுக்கோ படியெடுத்தல் மட்டும் போதாது. ஓரெழுத்தும் சிதையாமல் வட்டில் இருந்தும், அது இயங்காமற் போகலாம். ஏனெனில் அது தனித்து நிற்பதன்று. இயங்குதளம் என்னும் நிலத்தின்மீது நிற்பது. அந்நிலம் மாறிய வரலாற்றையும், விளையாட்டுகள் காக்கப்பட்ட வகையையும் சிறிது காண்போம்.

1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் கணினியோடு டாஸ் என்னும் இயங்குதளம் வந்தது. அதன் ஆட்சியில் திரை, ஒலி அட்டை, நினைவகம் ஆகிய அனைத்தையும் விளையாட்டே நேரடியாக ஆண்டது. சில விளையாட்டுகள் நுண்செயலியின் வேகத்தையே கடிகாரமாகக் கொண்டிருந்தன. ஆதலின் விரைவு மிக்க புதிய கணினிகளில் அவற்றின் உருவங்கள், ஆடுவோர் கைக்கு எட்டாத வேகத்தில் பாய்ந்தோடின. இதன்பொருட்டே அக்காலத்துக் கணினிகள் பலவற்றில், வேகத்தைக் குறைப்பதற்கென ‘டர்போ’ என்றொரு பொத்தான் இருந்தது.

1995இல் விண்டோஸ் 95 வெளிவந்தது. பழைய மென்பொருள் ஓடாவிடில் புதியதை வாங்குவார் இலர் என்பதை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அறிந்திருந்தது. சிம்சிட்டி என்னும் நகரமைப்பு விளையாட்டில் ஒரு குறை இருந்தது. தான் விடுவித்த நினைவகப் பகுதியையே அது மீண்டும் படித்தது. பழைய தளத்தில் அக்குறை வெளிப்படவில்லை; புதியதிலோ விளையாட்டு நின்றுவிடும். எனவே சிம்சிட்டி ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் அப்பகுதியை உடனே பிறருக்கு வழங்காதிருக்கும்படி விண்டோஸையே திருத்தி அமைத்தனர். விளையாட்டின் குறையை இயங்குதளம் தாங்கிக்கொண்டது.

இப்பரிவு நெடுநாள் நீடிக்கவில்லை. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியின் அடியில் டாஸ் இல்லை. அதன் சாயல் ஒன்றே இருந்தது. பல விளையாட்டுகள் ஒலியிழந்தன. சில தொடங்கவே மறுத்தன. பின்னர் வந்த 64 பிட் பதிப்புகளில் 16 பிட் நிரல்களுக்கு இடமே இல்லாமற் போயிற்று. 2021இல் வெளியான விண்டோஸ் 11, 64 பிட் வடிவில் மட்டுமே அமைந்தது.

கைவிடப்பட்டவற்றைக் காத்தவர்கள் பெரும்பாலும் ஊதியம் கருதாத ஆர்வலர்களே. 2002இல் தோன்றிய டாஸ்பாக்ஸ், பழைய கணினி முழுவதையும் மென்பொருளாகவே படைத்துக் காட்டுகிறது. நுண்செயலியின் வேகத்தையும் வேண்டியவாறு குறைக்கலாம். செடியைத் தாய்மண்ணோடு பெயர்த்து வேற்றூரில் நடுவது போன்றது இது. 2001இல் தோன்றிய ஸ்கம்விஎம் கையாள்வது வேறொரு முறை. அது விளையாட்டின் படங்களையும் உரையாடல்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, இயக்கும் பகுதியை மட்டும் புதிதாக எழுதியது. மூன்றாவது வழி, படைத்தவரே மூல நிரலை வெளியிடுதல். 1993இல் வந்த டூம் விளையாட்டின் மூல நிரலை 1997இல் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் பொதுவில் வைத்தது. அதனால் புதிய இயங்குதளம் தோன்றுந்தோறும் யாரேனும் ஒருவர் அதனைத் திருத்தி ஓட்டிவிடுகின்றனர்.

ஆயினும் இழப்பு பெரிது. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளுள் 100க்கு 87 இன்று கடைகளில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. நூலகங்கள் அவற்றைத் தொலைவிலுள்ள ஆய்வாளர்க்கு இணையவழி வழங்க இசைவு கேட்டபோது, அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024இல் அதனை மறுத்தது.

இயங்குதளம் மாறுதல் இயற்கை. அதனைத் தடுக்க இயலாது. ஆனால் விற்பனையை நிறுத்திவிட்ட பின்னும் மூல நிரலைப் பூட்டி வைத்தலும், காக்க முன்வரும் நூலகத்தின் கையைக் கட்டுதலும் மனிதர் செய்வன, மனிதரால் மாற்றத்தக்கன. டூமுக்குக் கிடைத்த வாழ்வு ஏனையவற்றுக்கும் கிடைத்தல் வேண்டும்.