துணியில் வடிகட்டிய தானியம்

மன்னவனூருக்குப் போகிறவர்கள் ஏரியையும் ஆட்டுப் பண்ணையையும் படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். மத்திய அரசின் செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965லிருந்து அங்கே இருக்கிறது. என் கண்ணில் பட்டது வயல்கள். மலைச்சரிவில் படிப்படியாகப் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. எல்லாம் சந்தைக்கு லாரி ஏறுகிற பயிர்கள். அப்படியென்றால் இந்த ஊரில் ஆறு மாதக் குழந்தைக்கு முதல் கூழ் எதில் காய்ச்சுகிறார்கள்? அங்கன்வாடி சத்துமாவு, ரேஷன் அரிசி, கடை பாக்கெட். சமவெளியில் என்னவோ அதுதான் மலையிலும்.

இந்த இடத்தில் நம் தலைமுறை வழக்கமாக ஒரு பெருமூச்சு விடும். "அந்தக் காலத்துல முழு தானியம் கொடுத்தாங்க, நாமதான் கெடுத்துட்டோம்." கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நம் வீடுகளில் கைக்குழந்தைக்குக் கேழ்வரகு கொடுத்த விதம் என்ன? ஊறவைத்து, அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்து, இறங்கிய பாலைக் காய்ச்சிக் கொடுத்தார்கள். இல்லையென்றால் முளைகட்டி, காயவைத்து, திரித்து, சலித்த மாவில் கூழ். முதல் வழியில் தோல் துணியிலேயே தங்கிவிடுகிறது. இரண்டாவதில் சல்லடையில் கொஞ்சம் நிற்கிறது. ஆக, பாட்டி கொடுத்தது முழு தானியம் இல்லை. பெரியவர்கள் களியாகத் தின்ற அதே தானியத்தைக் குழந்தைக்காக மாற்றித்தான் கொடுத்தார்கள்.

இதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அரிசி பக்கத்தில்கூட வர முடியாது. அதில் நல்ல பங்கு தோலில். ஆனால் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துவைக்கும் டானினும் அதே தோலில்தான். துணி இரண்டையும் சேர்த்தே எடுத்துவிடுகிறது. முளைகட்டுதல் வேறு மாதிரி வேலை செய்கிறது: தடுக்கும் பொருட்களைக் குறைக்கிறது, கால்சியம் பெரும்பாலும் மிஞ்சுகிறது.

முளைக்கு இன்னொரு வேலையும் உண்டு. மாவில் தண்ணீர் விட்டுக் காய்ச்சினால் ஸ்டார்ச் ஊதிக் கெட்டியாகும். குழந்தையால் விழுங்க முடியாது. தண்ணீர் சேர்த்தால் விழுங்கும், ஆனால் அந்தச் சின்ன வயிறு தண்ணீரிலேயே நிறைந்துவிடும். வயிறு நிறைந்தும் எடை ஏறாத குழந்தை இப்படித்தான் உருவாகிறது. முளைத்த தானியத்தில் அமிலேஸ் என்ற நொதி இருக்கிறது. அது ஸ்டார்ச்சின் நீண்ட சங்கிலிகளை வெட்டிவிடும். அதே அளவு மாவு, ஆனால் கூழ் இளகிவிடும்.

ஐரோப்பா இதை 1865இல் எழுதி வைத்தது. ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் கோதுமை மாவு, முளைகட்டிய பார்லி, பசும்பால் சேர்த்துக் குழந்தை உணவு ஒன்றைச் செய்தார். அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளில் அந்த வழியில் ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் மாவுகள் வியாபாரமாயின. நம் ஊரில் 1982இல் மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தின் மல்லேஷியும் தேசிகாச்சாரும் முளைகட்டிய கேழ்வரகும் பச்சைப்பயறும் சேர்த்த இளகிய குழந்தை உணவைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். பரோடாவில் தாரா கோபால்தாஸ் அதே காலகட்டத்தில், முளைத்த மாவைச் சிறிதளவு கலந்தாலே கெட்டிக் கூழ் இளகுகிறது என்று காட்டினார்.

ஒரு சிக்கல்: நொதிக்குச் சூடு ஆகாது. மணம் வர நன்றாக வறுத்துவிட்டால் ருசி வரும், நொதி செத்துவிடும். "முளைகட்டியது" என்று பாக்கெட்டில் போட்டிருப்பதால் மட்டும் கூழ் இளகாது.

இன்னொன்று, தானியம் மட்டும் போதாது. கோல்ட் கோஸ்டில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1930களில் குவாஷியோர்கர் நோயை விவரித்தார். அந்தப் பெயர் அங்குள்ள கா மொழிச் சொல். அடுத்த குழந்தை வந்ததால் தாய்ப்பாலை இழந்த குழந்தைக்கு வரும் நோய். அந்தக் குழந்தைகளுக்குப் பாலுக்குப் பதில் கிடைத்தது பெரும்பாலும் மக்காச்சோளக் கஞ்சி. உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதலும் ஆறு மாதம் முதல் இரண்டு வயதுவரை மாவுச்சத்து உணவைக் குறைத்து முட்டை, மீன், இறைச்சி, பருப்பு, காய், பழம் சேர்க்கச் சொல்கிறது.

தமிழ்நாடு இதை நடைமுறையில் பார்த்திருக்கிறது. உலக வங்கி உதவியுடன் 1980இல் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தொடங்கியது. கொடைக்கானல் மலையும் அப்போது மதுரை மாவட்டம்தான். திண்டுக்கல் 1985இல்தான் பிரிந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரை உள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு. எந்தத் தானியம் என்று சண்டை போடுவதற்கு முன்னால் தராசைப் பார்த்தார்கள். எனக்கு அந்த வரிசை பிடித்திருக்கிறது.

முளைகட்டிய மாவு இலவசம் இல்லை. ஊறவைக்க ஒரு நாள், முளைக்க ஒன்றிரண்டு நாள், காய வெயில், பிறகு திரிப்பது, சலிப்பது. மன்னவனூர் மாதிரிக் குளிரில் முளை இன்னும் தாமதமாகும். மழை, பனி நாளில் வெயிலும் கிடைக்காது. பகல் முழுக்கப் பூண்டு வயலில் கூலி வேலை பார்க்கிற அம்மாவிடம் போய் "பாரம்பரியத்துக்குத் திரும்புங்க" என்று சொல்வது எளிது. அந்த மூன்று நான்கு நாள் வேலையை யார் செய்வது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். நல்ல மாவை அங்கன்வாடியே தந்து, அதோடு ஒரு முட்டையும் தந்து, மாதம் ஒருமுறை எடையும் பார்த்தால், பாட்டியின் துணி செய்த வேலையை விட அதிகமாகவே செய்த மாதிரி இருக்கும்.