குளக்கட்டும் உயர்கல்வியும்



திருகோணமலைத் துறைமுகத்தின் சிறப்பைப் புகழ்ந்துரைத்தோர் பலர். அந்நகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கந்தளாய்க் குளத்தின் வரலாறும் கற்றோர் சிந்தனைக்கு உரியதாகும்.

கோணேசர் கோயிலைப் பேணிய குளக்கோட்டு மன்னனே இக்குளத்தையும் கட்டினான் என்பது இப்பகுதி மக்களின் மரபு. பாளி நூலோ 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் அக்கபோதியின் பணிகளுள் ஒன்றாக இதனைக் கூறும். கட்டியவர் எவராயினும், குளத்தைக் காத்தது ஆண்டுதோறும் மண்வெட்டி ஏந்திய உழவரின் கையே.

இலங்கையின் பல பகுதிகளில் குளம் பேணும் வேலை, இராசகாரியம் எனப்பட்ட கட்டாய ஊழியத்துள் அடங்கியிருந்தது. 1832இல் ஆங்கில அரசு அதனை ஒழித்தது. மாந்தர்க்கு விடுதலை கிடைத்தது, அது நன்றே. ஆனால், ஊரார் கூடிச் செய்த பராமரிப்புக்கு மாற்றேற்பாடு எதுவும் செய்யப்படவில்லை. வாய்க்கால்கள் தூர்ந்தன, கட்டுகள் நலிந்தன. 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டமே பழைய வழக்கங்களுக்கு மீண்டும் வலுவளித்தது.

பின்னர்ப் பொறியியல் வளர்ந்தது, திணைக்களங்கள் தோன்றின. எனினும் 1986 ஏப்ரல் 20ஆம் நாள் விடியுமுன் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கட்டு மீண்டும் எழுப்பப்பட்டது; போன உயிர் மீளவில்லை.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? வற்புறுத்தலால் வந்த கடமை, அவ்வற்புறுத்தல் நீங்கியதும் மறையும். அறிந்து ஏற்ற கடமையே நிலைபெறும். அவ்வறிவைப் பயிற்றுவது உயர்கல்வியின் பொறுப்பன்றோ? 1990இல் பிரான்சின் தலுவார் நகரிற் கூடிய பல்கலைக்கழகத் தலைவர்கள், வருந்தலைமுறைக்கும் வளங்களை விட்டுவைக்கும் வாழ்க்கை முறையைக் கற்பிப்பதோடு, தம் நிறுவனங்களிலேயே கடைப்பிடிப்பதாகவும் உறுதி பூண்டனர்.

நம் மாவட்டத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் உண்டு. அங்கே பிரயோக விஞ்ஞானம் பயில்வோர் குளத்து நீரை ஆராயலாம். சித்த மருத்துவ மாணவர் நீரேந்து காட்டின் மூலிகைகளைப் பேணலாம். தொடர்பாடல் கற்போர் வட்டை விதானைமாரின் அனுபவத்தைப் பதிவு செய்யலாம். பரீட்சைத் தாளில் நீர்வளத்தைப் பற்றி எழுதிவிட்டு, விடுதியிற் குழாயைத் திறந்தபடி விடுபவன் கற்றவனாகான்.

குளம் தந்த சோற்றை உண்டு வளர்ந்த நாம், அதன் கட்டைக் காக்கும் அறிவையும் பழக்கத்தையும் அடுத்த தலைமுறைக்கு அளித்தல் வேண்டும். அதுவே நாம் பட்ட கடனைத் தீர்க்கும் வழி.